தோளில் தொங்கும் பை

பெரிய காரியங்களைப் பற்றி நம்மிடம் கேட்க வருவோர் சிலரே. அன்றாட வாழ்வின் சிறு பொருள்களைப் பற்றிக் கேட்போரே பலர். குடைக்கும் கைக்கடிகாரத்துக்கும்கூட இப்பகுதியில் இடம் உண்டா என்று நகைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். குடும்பத்தில் மனத்தாங்கல் மூளுவது பெரும்பாலும் சிறு பொருள்களால் அன்றோ!

மணலூர்பேட்டைப் பகுதித் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் கொண்டுவந்த வழக்கு இது. பட்டப்படிப்பை முடித்த மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. விடுதி பார்த்தாயிற்று, தட்டு, வாளி, போர்வை வாங்கியாயிற்று. நாள்தோறும் வேலைக்கு எடுத்துச் செல்ல ஒரு பை வேண்டும் என்கிறாள் மகள். 'ஸ்லிங் பேக்' என்று அதற்குப் பெயராம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்கிறாள். தந்தையோ, ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை வீட்டில் நான்கு கிடக்கிறதே, அதில் ஒன்று போதாதா என்கிறார். இரண்டு நாள்களாகத் தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. "சாமி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று தாயார் கேட்டுக்கொண்டார்.

மகளைக் கண்டிக்க வேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. ஆயினும் வழக்கை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே முறை என்று நமக்குத் தோன்றுகிறது. பை வேண்டுமா என்பது ஒன்று. எத்தகைய பை என்பது மற்றொன்று. முதலாவதில் தந்தையார் தோற்றுவிடுகிறார். இரண்டாவதில் மகள் வெல்வாள் என்பதும் உறுதியில்லை.

தென்பெண்ணையின் தென்கரையில் வாழும் நமக்குக் கடைத்தெருவுக்குப் போவதென்றால் சட்டைப்பையில் பணம், கையில் ஒரு துணிப்பை, அவ்வளவே. எதிரே வருபவர் அனைவரும் தெரிந்தவர். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில், திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது மட்டுமே நம் ஊரில் நெரிசல். அன்று மடியில் இருப்பதை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னையிலோ அத்தகைய நெரிசல் நாள்தோறும் காலை எட்டு மணிக்கு உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நம் பக்கத்துப் பேருந்துகளில் பெரும்பாலானவை இப்போது அதோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகரப் பேருந்து. தாம்பரத்தில் மின்சார ரயில். இறங்கிய பின் மேம்பாலப் படிகள். ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை பயணச்சீட்டுக்கு. கட்டைப்பையைத் தூக்குவதற்கென்று மூன்றாவது கையை இறைவன் நமக்குத் தரவில்லை. ஒரு தோளில் மாட்டி, மார்பின் குறுக்கே வாரை விட்டு, மறுபுற இடுப்பில் தொங்கும் சிறு பை நகர வாழ்வுக்கு ஆடம்பரம் அன்று. தந்தையர் இதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இஃது அந்நியர் நேற்றுக் கண்டுபிடித்த நாகரிகம் என்று எண்ணவும் வேண்டாம். கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீது, ஓடையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களை இட்டுக்கொண்டது தன் இடையப் பையில்தான் (சாமுவேல் முதல் நூல், 17ஆம் அதிகாரம்). அரசன் அணிவித்த கவசம் அவனுக்குப் பாரமாயிற்று, பை பாரமாகவில்லை. பணி செய்யச் சீடரை அனுப்பிய ஆண்டவர், பணப்பையும் பையும் இன்றிப் போகும்படி பணித்ததை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். கிரேக்க மூலத்தில் 'பேரா' என வரும் அச்சொல், வழிப்போக்கர் தோளில் மாட்டும் பையைக் குறிப்பது. அதே நற்செய்தியின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், இறுதி இராவுணவின்போது, பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரே மாற்றிச் சொல்கிறார். காலமும் இடமும் அறிந்தே பையைச் சுமக்கவோ விடவோ வேண்டும் என்று நாம் இதனைப் புரிந்துகொள்ளலாம். திருத்தூதர் கூட்டத்தில் பணப்பையைத் தனியொருவனாய் வைத்திருந்தவன் யார் என்பதை யோவான் எழுதி வைத்திருக்கிறார். பங்குப் பேரவைப் பொருளாளர்கள் நம்மைப் பொறுத்தருள்வார்களாக!

நாம் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைக்கும் புனித யாகப்பரின் கல்லறையை நாடி, ஸ்பெயின் நாட்டுக் கம்போஸ்தெலாவுக்கு ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகள் நடந்தார்கள்; இன்றும் நடக்கிறார்கள். இடைக்காலத்தில் புறப்படும் முன்னர்க் கோவிலில் குருவானவர் அவர்களுடைய கைத்தடியையும் தோள்பையையும் மந்திரித்துக் கொடுப்பார். 12ஆம் நூற்றாண்டில் அத்திருத்தலத்தைப் பற்றித் தொகுக்கப்பட்ட ஏட்டில் உள்ள மறையுரை ஒன்று, அப்பையின் அமைப்புக்கு விளக்கம் கூறுகிறது. பை ஏன் சிறிதாகவும் குறுகியதாகவும் இருக்கிறது? பயணி தன் சேமிப்பை அன்று, ஆண்டவரையே நம்பி நடப்பவன். ஏன் இறந்த விலங்கின் தோலால் ஆனது? தன் உடலின் இச்சைகளை அவன் அடக்க வேண்டியவன். அதன் வாய் ஏன் கட்டப்படாமல் எப்போதும் திறந்தே இருக்கிறது? உள்ளே இருப்பதை ஏழையோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவன். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மறையுரையாளர் பை ஒன்றை இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்திருக்க, இப்பகுதியைக் கண்டு நகைக்கும் வாசகர்கள் இனி என்ன சொல்வார்களோ!

வாய் திறந்த பையோடு தாம்பரம் ரயிலில் ஏறும்படி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். காந்தியவாதிகளும் எழுத்தாளர்களும் பொதுவுடைமைத் தோழர்களும் தோளில் மாட்டிய ஜோல்னாப் பைக்கு மூடி இல்லை. அதில் பெரும்பாலும் இருந்தது புத்தகமும் துண்டறிக்கையும். இன்று பைக்குள் இருப்பதோ கைப்பேசி. அதற்குள் வங்கிக் கணக்கும், மாதச் சம்பளமும், அக்கம்பக்கத்தார் தொலைபேசி எண்களும், ஏன், பாதி வாழ்வே இருக்கிறது. ஆகவே ஜிப் கட்டாயம் வேண்டும். ஆயினும் மறையுரையாளர் சொன்ன முதல் இலக்கணமாகிய சிறுமை, இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

மார்பின் குறுக்கே மாட்டிய பை கூட்டத்தில் பாதுகாப்பானது. அதே பை, ஆளரவமற்ற சாலையில் ஆபத்தாகவும் மாறும். இருசக்கர வண்டியில் விரைந்து வருபவன் வாரைப் பற்றி இழுத்தால், பையோடு அணிந்தவரும் தரையில் இழுபடுவார். ஆதலால் சாலையோரம் நடக்கையில் பை வண்டிகள் செல்லும் பக்கம் தொங்காமல் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். தனிவழியில் குறுக்காக அணியாமல் ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொள்வது நல்லது. இழுத்தால் விட்டுவிட வேண்டும். இதனைத் தாய் தந்தையர் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: "பை போனால் போகட்டும், நீ வந்து சேர்." இவ்வாறு சொல்லாத வீடுகளில், பையைத் தொலைத்துவிட்டு அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சத்தாலேயே பிள்ளைகள் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். மூவாயிரத்து இருநூறு ரூபாய்ப் பையை வீட்டில் சண்டையிட்டு வாங்கியவள் இன்னும் கெட்டியாகப் பிடிப்பாள். விட்டுவிட மனம் வரும் அளவுக்கே ஒரு பையின் விலையும், அதனுள் வைக்கும் பொருளும் இருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், பைக்குள் எவை போகலாம், எவை போகலாகாது என்பது தானே விளங்கும். கைப்பேசி, அன்றைய செலவுக்குப் பணம், ஒரே ஒரு வங்கி அட்டை, அலுவலக அடையாள அட்டை, விடுதிச் சாவி, கைக்குட்டை, மடக்குக் குடை, அரை லிட்டர் தண்ணீர், ஜெபமாலை. இவற்றின் எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். ஒரே தோள் நாள்முழுதும் சுமக்க அதற்கு மேல் ஆகாது. மதிய உணவு டப்பாவை இதற்குள் திணிக்க முயல வேண்டாம். ரசம் கசிந்த பையின் வாசனை, பை கிழியும்வரை போவதில்லை. அதற்குத் தனியே ஒரு துணிப்பை போதும்.

போகலாகாதவற்றில் முதலிடம் மூலச் சான்றிதழ்களுக்கு. வேலைக்குச் சேரும் நாளில் எடுத்துச் சென்ற மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் அப்படியே வாரக்கணக்கில் அதே பையில் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றைத் தொலைத்தவர் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, விண்ணப்பம், கட்டணம் என்று எத்தனை படி ஏற வேண்டும் என்பதை அனுபவித்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்றுகள் பலவற்றையும் 2015இல் மத்திய அரசு ஏற்படுத்திய டிஜிலாக்கர் வழியே கைப்பேசியிலேயே பெற்றுக் காட்டலாம். காகிதம் கேட்கும் இடங்களுக்கு நகல்.

மூலச் சான்றுகள் வீட்டில் இருக்கட்டும் என்றால், வீட்டில் எங்கே? இக்கேள்வி தென்பெண்ணைக் கரையில் வாழ்வோருக்கு வேடிக்கையன்று. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேலான நீர் ஆற்றில் பாய்ந்ததும், கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததும் நம் நினைவை விட்டு அகலவில்லை. கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டி என்பது நம் முன்னோர் வழக்கம். வெள்ளம் முதலில் தேடி வரும் இடமும் அதுவே. தண்ணீர் புகாத உறையில் இட்டு, பரண்மேல், ஒரே கையால் எடுக்கும்படி, ஒரு பழைய தோள்பையிலேயே அவற்றை வைத்துவிடுங்கள். இரவில் எழுந்து ஓட நேர்ந்தால் கைகள் இரண்டும் குழந்தைகளைத் தூக்க வேண்டியிருக்கும். ஆகவே மகளுக்குப் புதுப்பை வாங்கும் வீட்டில், பழைய பைக்கும் வேலை காத்திருக்கிறது.

எத்தனை எச்சரிக்கையாய் இருந்தும் பை பறிபோனால் என் செய்வது? ஊரிலிருந்து புறப்படும் முன்னரே ஒரு காரியம் செய்துவைக்க வேண்டும். கைப்பேசியில் நட்சத்திரக் குறி, வேலிக் குறி, 06, மீண்டும் வேலிக் குறி அழுத்தினால் பதினைந்து இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். அதையும் வங்கி அட்டையைத் தடைசெய்யும் தொலைபேசி எண்ணையும் வீட்டுச் சுவர் நாட்காட்டியின் பின்புறம் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்த பின்னர், கைப்பேசிக்குள் இருக்கும் எண்ணால் யாது பயன்? முதலில் வங்கிக்கும் சிம் கார்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் புகார். அப்புகாரின் விவரத்தோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்தப் பதினைந்து இலக்க எண்ணைப் பதிந்தால், திருடியவன் அக்கைப்பேசியை வேறு சிம் போட்டும் பயன்படுத்த முடியாதபடி முடக்கிவிடுவார்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

இனிப் பையின் அமைப்புக்கு வருவோம். அகலம் ஒன்பது அங்குலம், உயரம் ஏழு, பக்கக் கனம் இரண்டரை: மேலே நாம் சொன்ன பொருள்களுக்கு இந்த அளவு தாராளமாய்ப் போதும், தண்ணீர்ப் புட்டி நெடுக்கில் படுத்துக்கொள்ளும். இணையத்தில் பார்த்து வாங்குவோரைப் படம் ஏமாற்றிவிடும். ஒல்லியான பெண்ணின் இடுப்பில் பெரிதாய்த் தெரியும் பை, வந்து சேர்ந்த பின்னர் வெற்றிலைப் பெட்டி அளவே இருக்கும். இதற்கு எளிய சோதனை உண்டு. விற்பவர் கொடுத்திருக்கும் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து, அதன்மேல் உங்கள் கைப்பேசி, பணப்பை, குடை ஆகியவற்றை அடுக்கிப் பாருங்கள். காகிதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பைக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும்.

வார் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத அகலம் உடையதாய் இருத்தல் நலம். கயிறு போன்ற மெல்லிய வாரும் சங்கிலி வாரும் பார்க்க அழகு. மாலையில் தோளில் சிவந்த தடம். பை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கும்படி வாரைச் சுருக்க வளையம் இருக்க வேண்டும். தொடைவரை தொங்கினால் நடக்கையில் இடிக்கும், வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தால் சக்கரத்தில் சிக்கும். பையும் வாரும் கூடும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாய்த் தைத்திருந்தால் உழைக்கும். ஒற்றைக் கோட்டுத் தையல் என்றால் மூன்று மாதமே. ஜிப்பைக் கடையிலேயே பத்து முறை திறந்து மூடிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பல இழுப்பிகளின் பின்புறம் எண் பொறித்திருக்கும், 5 என்றிருந்தால் இவ்வளவு பெரிய பைக்குத் தக்கது, 3 மெலிது. அணிந்தவர் உடலை ஒட்டிய பக்கத்தில் ஓர் உள்ஜிப் இருந்தால், பணம் அதில் போகட்டும். வெளிப்பக்கத்தில் மூடியில்லாத சிறு பை ஒன்று இருந்தால் மிக நன்று. சந்தியாகப்பர் பயணிகளின் திறந்த வாயை அங்கே வைத்துக்கொள்ளலாம். சில்லறையும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் அதில் கிடக்கட்டும். ரயில் படிக்கட்டில் கை நீட்டுபவருக்குக் கொடுக்க ஜிப்பைத் திறந்து மொத்தப் பையையும் காட்ட வேண்டியதில்லை.

எதனால் செய்தது என்பதில்தான் பணம் வீணாகிறது. ரெக்ஸின் என்று நாம் பொதுவாகச் சொல்வது, ஆதியில் இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். இன்று அப்பெயரில் விற்பவை துணியின்மேல் பிளாஸ்டிக் பூசியவை. அவற்றுள் பாலியூரித்தேன் பூச்சுடையவை தொடுவதற்குத் தோலைப் போலவே மென்மையாயிருக்கும். ஆயினும் காற்றின் ஈரமே அப்பூச்சை மெல்ல மெல்லச் சிதைப்பதால், சென்னை போன்ற கடலோர நகரில் இரண்டு மூன்று ஆண்டுகளில் செதில் செதிலாய் உரியத் தொடங்குகிறது. பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் உரியும். மூவாயிரம் ரூபாய்க்கு மகள் காட்டிய படத்தின் கீழே, பொருள் யாது என்ற இடத்தில் இந்தப் பெயர்தான் இருந்தது. விலை பைக்கு அன்று, பையின்மேல் பொறித்த பெயருக்கு.

உண்மைத் தோல் வேண்டுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர் தோல் வணிகத்தில் உலகறிந்தது. ஆவாரம்பட்டையால் தோலைப் பதப்படுத்தும் நாட்டு முறை நம் மாநிலத்துக்கே உரியது. அத்தொழிலால் பாலாறு பட்ட பாடும், 1996இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்ததும் நாம் மறக்கக் கூடாதவை. தோல்பை பத்தாண்டு உழைக்கும். ஆனால் மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். ஐப்பசி மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். விடுதியில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கும் பெண்ணுக்கு இந்தப் பராமரிப்பு கூடிவருமா?

நாள்தோறும் பயன்படுத்துவதற்கு நம் வாக்கு கெட்டியான கான்வாஸ் துணிக்கே. ஞாயிறுதோறும் துவைக்கலாம், கிழிந்தால் தெருமுனைத் தையற்காரர் ஒட்டுப் போடுவார். மழைக்கு மட்டும் உள்ளே ஒரு நைலான் உறை. பவானி ஜமுக்காளத்தில் தைத்த தோள்பைகளும் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தறித்துணியின் அகன்ற வண்ணப் பட்டைகளுக்கு ஈடான அழகு எந்த வெளிநாட்டுப் பெயரிலும் இல்லை என்பது நம் கருத்து. இருநூற்றைம்பது முதல் ஐந்நூறு ரூபாய்க்குள் நல்ல துணித் தோள்பை வாங்கவோ தைக்கவோ முடியும்.

மகளின் மனத்தில் இருப்பது விலை மட்டும் அன்று என்பதையும் தந்தையார் அறிய வேண்டும். மஞ்சள் பை என்பது திருமண வீட்டின் தாம்பூலத்தோடு வரும் மங்கலப் பொருள். அதையே 'மஞ்சப்பை' என்று சொல்லி, ஊர்நாட்டிலிருந்து வந்தவனைப் பட்டணத்தார் நெடுங்காலம் ஏளனம் செய்தார்கள். 2019 ஜனவரி முதல் நாள் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கிய பின்னர் அப்பைக்குப் புது மரியாதை பிறந்தது. எனினும் முதல் நாள் அலுவலகத்தில் நுழையும் பெண்ணுக்கு, கடைப் பெயர் பொறித்த கட்டைப்பையோடு உள்ளே போவது எளிதன்று. அந்தக் கூச்சத்தைச் செருக்கு என்று நாம் கொள்ளவில்லை. தவணையில் வாங்கிய பெயர்ப்பை அதற்கு மருந்தாகும் என்றும் நாம் நம்பவில்லை. தந்தையும் மகளும் சேர்ந்து ஒருநாள் திருவண்ணாமலைக்கோ திருக்கோவிலூருக்கோ போய், துணி, வார், ஜிப் ஆகியவற்றைத் தாங்களே தேர்ந்து, பை தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளட்டும். நிறத்தை மகள் சொல்வாள். தையலைத் தந்தை இழுத்துப் பார்ப்பார். தாயாரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினோம். பேருந்துக் கட்டணத்தோடு எவ்வளவு ஆகும் என்று அவர் அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஜிப்பைப் பற்றி ஒரு சொல் விட்டுப்போயிற்று. புது ஜிப் இறுக்கமாயிருந்தாலும், பழையது மழையில் நனைந்து சிக்கினாலும், தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயில் தூசி படிந்து மேலும் இறுகும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை அதன் பற்களின்மேல் இரண்டு முறை தேய்த்தால் போதும். வீட்டில் இல்லாதவர் கோவில் பிள்ளையைக் கேளுங்கள்; தகரப் பெட்டி நிறைய வைத்திருப்பார்.